சட்டைக்குள் தைக்கும் ஆண்டெனா: எஸ்11 அருமையாக இருந்தும் சிக்னல் ஏன் நிற்பதில்லை?

கேள்வி இதுதான். தர்மபுரி பக்கம் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒருவர், மலைக் கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களுக்காக ஒரு கைப்பட்டை செய்கிறார். நாடித்துடிப்பு, ரத்த ஆக்சிஜன், உடல் வெப்பம் மூன்றையும் அது ப்ளூடூத்தில் அனுப்ப வேண்டும். மெல்லிய பாலிஇமைடு தாளில் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு மோனோபோல், அதாவது ஒற்றைப் பட்டை வடிவ ஆண்டெனா வரைந்திருக்கிறார். சிமுலேஷனில் எஸ்11 (ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியின் அளவு) −32 டிபி; கீழே போகப் போக நல்லது என்பார்கள். கையில் கட்டிப் பார்த்தாலும் −18 டிபி காட்டுகிறது. ஆனால் மூன்று மீட்டர் தள்ளி, ஆள் கொஞ்சம் திரும்பி நின்றால் போனில் இணைப்பு அறுந்துபோகிறது. எந்தத் துணிக்கு மாறலாம், ஈ.பி.ஜி. அடுக்கு (அலை உடம்புப் பக்கம் போகாமல் தடுக்கும் கட்டம் கட்டமான கடத்திப் பரப்பு) போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்.

துணியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த −18 டிபியை நம்புவதை நிறுத்துங்கள். எஸ்11 என்பது ஆண்டெனாவுக்குள் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும்தான் சொல்லும். திரும்பி வராதது காற்றில் போனதா, கைத்தசைக்குள் போய்ச் சூடாகி முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. ஐம்பது ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் −40 டிபி காட்டும். அது ஒரு மீட்டருக்குக்கூட எதையும் அனுப்பாது. 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு தேக்கிவைக்கும் என்ற எண்; காற்றுக்கு 1) ஏறக்குறைய 53, கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 சீமென்ஸ். உப்புத் தண்ணீர்ப் பையின் மேல் ஆண்டெனாவை ஒட்டியது போலத்தான். கிரவுண்ட் தளம் (உடம்புக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும் கடத்திப் பரப்பு) பின்னால் இல்லாத மோனோபோலை அதன்மேல் வைத்தால் ஒத்ததிர்வு, அதாவது ஆண்டெனா இசையும் அதிர்வெண், கீழே இறங்கும், வளைகோடு அகலமாகும். அந்த அகலத்தைப் பார்த்து நல்ல பேண்ட்வித் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது இழப்பின் அடையாளம்.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். சிப்பிலிருந்து 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) வருகிறது. தோலோடு ஒட்டிய மோனோபோல் உள்ளே போன சக்தியில் 5 சதவீதத்தைத்தான் காற்றில் விடுகிறது என்று வைத்தால் −13 டிபி. மூன்று மீட்டருக்கு வெற்றுவெளி இழப்பு 50 டிபி. கையில் பிடித்த போனின் ஆண்டெனாவுக்கு −5. ஆள் திரும்பி நின்று உடம்பு குறுக்கே வந்தால் இன்னொரு 25. மொத்தம் −93 டிபிஎம். ப்ளூடூத் சிப்களின் உணர்திறன் எல்லை −90 முதல் −96 வரை. அறுந்துபோகாமல் என்ன செய்யும்? இதே இடத்தில், பின்னால் முழு கிரவுண்ட் தளம் உள்ள ஒரு துணி பேட்ச் (துணியின் மேல் ஒட்டிய தட்டையான செவ்வகக் கடத்தி ஆண்டெனா) இருந்தால் வெளிப்பக்கம் ஏறக்குறைய +3 கிடைக்கும். அதன் பின்பக்கம் பலவீனம் என்று 6 டிபி தள்ளுபடி செய்தாலும் −83. பத்து டிபி கையிருப்பு. ஆக, நீங்கள் மாற்ற வேண்டியது ஆண்டெனாவின் வகையை. துணி அடுத்த விஷயம்.

ஈ.பி.ஜி. பற்றி: வேண்டாம். அது உடம்பை மறைக்கும், உண்மைதான். ஆனால் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டால் கைப்பட்டையின் அளவு தாண்டிவிடும், இரண்டு அடுக்குத் துணி நேர்க்கோட்டில் நிற்காமல் நழுவும், ஒவ்வொரு துவைப்பிலும் கணக்கு மாறும். முழு கிரவுண்ட் உள்ள சாதாரண பேட்ச் உங்கள் வேலைக்கு எண்பது சதவீதம் போதும்.

இப்போது துணி. உலர்ந்த நிலையில் பெரும்பாலான துணிகளின் விடுதிறன் 1.2 முதல் 1.9-க்குள்தான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. நூல் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் ஈரம் பருத்திக்கு ஏறக்குறைய 8 சதவீதம், பட்டுக்கு 11, கம்பளிக்கு 16, பாலியஸ்டருக்கு வெறும் 0.4. தண்ணீரின் விடுதிறன் 78 என்பதால் இந்த எண்கள் சின்னவை அல்ல. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது, உள்ளூர்ப் பட்டில் ஆண்டெனா என்றால் தலைப்பு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். ரிப்போர்ட்டுக்கு நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் கேழ்வரகுக் காட்டில் நிற்கும் ஆளின் கையில் நன்றாக இருக்காது. ஜீன்ஸ் துணியும் பருத்திதான், ஆய்வகத்தில் பழக மட்டும் சரி. ஃபேன்சி ஸ்டோரில் பொம்மை தைக்க விற்கும் பாலியஸ்டர் ஃபெல்ட்டை எடுங்கள். ஒரு மி.மீ. கனத்தில் கிடைத்தால் மூன்று தாளை இஸ்திரியில் ஒட்டும் வலைத்தாள் வைத்து ஒன்றாக்குங்கள். மூன்று மி.மீ. ஏன் என்றால், ப்ளூடூத்துக்கு 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை, அதாவது 3.4 சதவீதம். ஒரு மி.மீ. கனத்தில் பேட்ச் அதில் பாதிதான் தரும். மூன்று மி.மீ.யில் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் ஃபெல்ட்டின் இடைவெளிகள் பஞ்சு மாதிரி வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முடிந்த ஆண்டெனாவை மெல்லிய டி.பி.யு. (வளையும் பிளாஸ்டிக்) படலத்துக்குள் வைத்து நான்கு பக்கமும் சூடாக்கி ஒட்ட வேண்டும். படலம் போட்டதும் அதிர்வெண் கொஞ்சம் இறங்கும். கடைசி அளவீட்டைப் படலத்தோடுதான் எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தது கணக்கில் வராது.

அளவுகள். விடுதிறன் 1.3, கனம் 3 மி.மீ., 2.45 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் பேட்சின் அகலம் 57 மி.மீ., நீளம் 50.6 மி.மீ. வரும். விளிம்புப் புலத்தையும் சேர்த்த மின்நீளம் 54.4. கிரவுண்ட் 80-க்கு 80. பேட்சுக்குச் சக்தியைக் கொண்டுவரும் ஊட்டுக்கோடு 50 ஓமுக்கு 12.7 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். எஃப்.ஆர்.4 என்ற வழக்கமான சர்க்யூட் பலகையில் 3 மி.மீ. கோடு வரைந்து பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விடுதிறன் குறைந்து கனம் கூடினால் கோடு இப்படித்தான் தடிக்கும். கோட்டைப் பேட்சின் விளிம்பில் நேரே சேர்க்காமல், இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விட்டு 16 மி.மீ. உள்ளே கொண்டுபோங்கள். விளிம்பில் மின்தடை 150 முதல் 200 ஓம் வரை இருக்கும், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனால் ஐம்பதுக்கு இறங்கும்.

முதல் பேட்சை 52 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள், 50.6-இல் அல்ல. வெட்டிக் குறைக்க முடியும், ஒட்டிக் கூட்ட முடியாது. ஒரு மி.மீ. பிழை ஏறக்குறைய 45 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும், ப்ளூடூத் பட்டையில் பாதிக்கு மேல் அது. கத்தரிக்கோலால் கடத்தும் துணியை வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் நூலாக நிற்கும். அந்த நூல்கள் கோட்டுக்கும் பேட்சுக்கும் நடுவில் உள்ள 2 மி.மீ. இடைவெளியில் பாலம் போட்டுவிடும். எஸ்11 ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் கன்னாபின்னாவென்றும் வந்தால் முதலில் லென்ஸ் வைத்து அந்த இடத்தைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் பிளாட்டர் இருக்கும். பின்பக்கம் பசைத்தாள் உள்ள கடத்தும் துணியை அதில் கொடுத்தால் ஓரம் கத்தி மாதிரி வரும். கையால்தான் என்றால் இரும்பு ஸ்கேலும் புது பிளேடும், ஒரே இழுப்பில்.

விடுதிறனை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், முதல் பேட்சே அளவுகோல். 52-இலிருந்து வெட்டி 50.6 மி.மீ.க்குக் கொண்டுவந்தபோது 2.38 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.45-ஐ 2.38-ஆல் வகுத்தால் 1.029. மின்நீளம் 54.4-ஐ அதால் வகுத்தால் 52.8. ஆக, 1.5 மி.மீ. குறைக்க வேண்டும், நீளம் 49.1. திரும்பிக் கணக்குப் போட்டால் உங்கள் ஃபெல்ட்டின் விடுதிறன் 1.38 என்று கிடைக்கும். சிமுலேஷனில் அந்த எண்ணைப் போட்டுவிட்டு மேலே போங்கள். கட்டுரையில் பார்த்த யாரோ ஒருவருடைய ஃபெல்ட்டின் எண்ணைப் போட்டு ஒரு மாதம் ஓட்டுவதைவிட இது அரை நாள் வேலை.

கடத்தும் பொருளுக்கு முதல் மாதிரியில் செப்புத் தகடு டேப் போதும். ஆனால் 50 மி.மீ. அகல டேப் வாங்கினால் 57 மி.மீ. பேட்சுக்கு இரண்டு துண்டு சேர்க்க வேண்டிவரும், நடுவில் உள்ள பசை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. சேர்ப்பு முழுவதும் ஈயம் ஓட்டுங்கள், அல்லது அகலமான டேப்பே வாங்குங்கள். அலுமினியத் தாள் வேண்டாம், ஈயம் பிடிக்காது. கையில் கட்டும் மாதிரிக்குச் செப்பு டேப் ஆகாது, பத்து நாள் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அதற்கு நிக்கல், செம்பு பூசிய பாலியஸ்டர் துணிதான். ஷீல்டிட் சூப்பர் என்ற துணியைப் பல ஆய்வுகளில் பார்த்திருப்பீர்கள், கனம் 0.17 மி.மீ. அந்தக் கடத்துதிறனில் மின்னோட்டம் ஓடும் ஆழம் 30 மைக்ரோமீட்டர்தான் என்பதால் கனம் தாராளம். இஸ்திரிப் பெட்டியை நடுச்சூட்டில், நீராவி இல்லாமல், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு அழுத்துங்கள். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், அதனால் கிரவுண்ட் பக்கம் தோலைத் தொடாதபடி உள்துணி கட்டாயம்.

இணைப்புதான் பெரும்பாலான மாதிரிகள் சாகும் இடம். பாலியஸ்டர் 255 டிகிரி அளவில் உருகும். சாதாரண ஈயம் 183-இல் உருகினாலும் சால்டரிங் முனையை 350-இல் வைத்துத்தான் எல்லோரும் பழகியிருப்பீர்கள், துணியில் வைத்த நொடியில் ஓட்டை. 138 டிகிரியில் உருகும் டின்-பிஸ்மத் ஈயம் வாங்கி, முனையை 190 அளவில் வைத்து, இரண்டு நொடிக்குள் முடியுங்கள். இல்லையென்றால் வெள்ளி கலந்த கடத்தும் எபாக்சி. அளவெடுக்க எஸ்.எம்.ஏ. கனெக்டர் சரி. அணியும்போது அதன் எடையே துணியைக் கிழித்துவிடும். அணிவதற்கு 1.13 மி.மீ. கேபிளும் யூ.எஃப்.எல். கனெக்டரும். அது முப்பது முறை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டது, சோதனைக்கென்று தினமும் பிடுங்காதீர்கள். கேபிளை ஈயம் வைத்த இடத்திலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி ஃபெல்ட்டோடு நூல் போட்டுக் கட்டுங்கள், இழுப்பு நூலில் விழட்டும். கழற்றித் துவைக்க வசதி வேண்டுமென்றால் டெய்லர் கடை டிச் பட்டனையே கனெக்டராக வைக்கலாம். 2.45 கிகாஹெர்ட்ஸில் அது வேலை செய்யும், சின்ன ரகமாக எடுங்கள்.

தைக்கும்போது டெய்லரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். தையல் கிரவுண்டின் வெளி ஓரத்தில் மட்டும் ஓட வேண்டும். அழகுக்கென்று பேட்சின் மேல் குறுக்கே ஒரு ஓட்டம் விட்டால் ஃபெல்ட் அமுங்கி 3 மி.மீ. இரண்டாகும், பேண்ட்வித் போய்விடும்.

எங்கே கட்டுவது? மேற்கையின் வெளிப்பக்கம். மணிக்கட்டு வேண்டாம், மண்வெட்டி பிடிக்கிற கை, மாடு பிடிக்கிற கை. நெஞ்சு என்றால் பெண்களுக்குத் தாலிச் சங்கிலி ஆண்டெனாவின் முன்னால் ஆடிக்கொண்டே இருக்கும். மேற்கையிலும் தாயத்து கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உலோகக் குப்பி பேட்சின் விளிம்புக்கு 2 செ.மீ.க்குள் வந்தால் இசைவு மாறும். மற்றக் கையில் கட்டுங்கள், தாயத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். தோளில் கிடக்கும் உலர்ந்த துண்டு ஒன்றும் செய்யாது, நனைந்த துண்டு செய்யும்.

பேட்சின் 50 மி.மீ. பக்கம் கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஒத்ததிர்வு நீளத்தை வளைத்தால் அதிர்வெண் அதிகமாக நகரும், பெரும்பாலும் மேல்நோக்கி. அகலத்தை வளைத்தால் நகர்வு குறைவு. இதைச் சோதிக்க ஆளே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று வாங்குங்கள், சுற்றளவு 23.5 செ.மீ., மெலிந்த முதியவரின் மேற்கை. 110 மி.மீ. குழாய் சுற்றளவு 34.5, பருத்த கை. இரண்டிலும் சுற்றி அளந்த பிறகும் 2.40 முதல் 2.4835 வரை எஸ்11 −10 டிபிக்குக் கீழேயே நின்றால் வளைவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உடம்பின் பாதிப்புக்கு எலும்பில்லாத கறி ஒன்றரைக் கிலோ, 5 செ.மீ. கனமாக அடுக்கி மெல்லிய பாலிதீனில் சுற்றியது போதும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் மின்புலம் தசைக்குள் 2 செ.மீ. சொச்சத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அதற்கு மேல் கனம் தேவையில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே அளக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். காற்றிலும் கறி மேலும் ஒத்ததிர்வு 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேறுபட்டால் கிரவுண்ட் சின்னது, பக்கத்துக்கு 5 மி.மீ. கூட்டுங்கள். அளக்க நானோவிஎன்ஏ (எஸ்11 காட்டும் சின்னக் கருவி) வாங்குவதாக இருந்தால் மாடலைப் பார்த்து வாங்குங்கள். மலிவான பழைய ரகம் 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வி2 ரகமாவது வேண்டும்.

எஸ்.ஏ.ஆர். (உடம்பு உறிஞ்சும் ரேடியோ சக்தியின் அளவு) பற்றி வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். இந்தியாவில் வரம்பு ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட், 2012 செப்டம்பர் முதல். உங்கள் சிப் தருவது 0 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட். அது முழுவதும், ஒரு துளிகூட வெளியே போகாமல், ஒரே ஒரு கிராம் சதைக்குள் போனாலும் கிலோவுக்கு 1 வாட்தான். வரம்பைத் தாண்ட வழியே இல்லை. ப்ளூடூத் அனுப்புவதும் நேரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சிமுலேஷன் படம் போடுங்கள், இந்த ஒரு வரிக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். கையிலேயே வைஃபை வைத்து 20 டிபிஎம் விட்டால்தான் 100 மில்லிவாட், அப்போது இது நிஜமான கேள்வி ஆகும்.

அடுத்து மலை. சித்தேரியோ, அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமமோ, வீட்டுக்குள் மொபைல் சிக்னல் இருக்கும் என்று எழுதிவைத்து வடிவமைக்காதீர்கள். அதற்காகக் கைப்பட்டையிலேயே லோரா (மெதுவாக, ஆனால் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ) வைக்கவும் வேண்டாம். இங்கே உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 17 செ.மீ., துணி பேட்ச் கையைச் சுற்றிவிடும். கைப்பட்டை வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு ப்ளூடூத்தில் பேசட்டும். பெட்டியை ஓட்டுக்குக் கீழே உயரமாக மாட்டி, 8.6 செ.மீ. கால் அலை கம்பியோடு லோராவைப் பெட்டியில் வையுங்கள். தகரக் கூரை என்றால் ஆண்டெனாவை வெளியே எடுக்க வேண்டும். லோராவில் மிகத் தொலைவுக்கான எஸ்.எஃப்.12 என்ற அமைப்பில் வேகம் நொடிக்கு 250 பிட் சொச்சம். ஈ.சி.ஜி. ஒரு தடமே நொடிக்கு 250 மாதிரி, 12 பிட் என்றால் 3,000 பிட். அனுப்பவே முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ஆக்சிஜன், வெப்பம், பேட்டரி நிலை என்று 12 பைட் அனுப்பலாம்.

அதற்கும் முன் ஒரு கேள்வி: உடனுக்குடன் அனுப்பத்தான் வேண்டுமா? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர் அக்காவின் கையில் போன் இருக்கும். கைப்பட்டை தரவைச் சேமித்து வைத்து, அவர் வரும்போது இரண்டு மீட்டரில் இறக்கிக் கொடுத்தால் நாட்பட்ட நோய்க் கண்காணிப்பில் பெரும்பகுதி நடந்துவிடும். பெட்டியும் லோராவும் அவசர எச்சரிக்கைக்கு மட்டும். எதற்கு என்பதை முதலில் முடிவு செய்தால் ஆண்டெனாவின் மேல் இருக்கும் பாரம் பாதி இறங்கும். ஆட்கள் மேல் சோதிக்கும் முன் நெறிமுறைக் குழு அனுமதி வாங்குங்கள், கல்லூரி வழியாக மருத்துவக் கல்லூரியை அணுகினால் நடக்கும்.

கடைசிச் சோதனை போனில். என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பைத் திறந்து ஆர்எஸ்எஸ்ஐ எண்களை, அதாவது போனுக்கு வந்து சேரும் சிக்னலின் வலுவை டிபிஎம்மில், பதிவு செய்யுங்கள். ஒரே மாட்யூல், ஒரே போன், ஒரே அறை. முதலில் உங்கள் பழைய மோனோபோல், பிறகு புது பேட்ச். மாட்யூல் வெளி ஆண்டெனா இணைப்பு உள்ள ரகமாக இருக்க வேண்டும், பலகையில் உள்ள ஆண்டெனாவின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து பேசி உங்களை ஏமாற்றும். போனை மூன்று மீட்டரில் ஸ்டூல் மேல் வைத்து, ஆள் முகம் காட்டி, இடது பக்கம், வலது பக்கம், முதுகு காட்டி, கயிற்றுக்கட்டிலில் பட்டை கட்டிய கை அடியில் போகப் படுத்து, சட்டையை நனைத்து என்று ஆறு நிலை. நிலைக்கு நூறு எண், சராசரி வேண்டாம், நடு எண்ணை எடுங்கள். முதுகு காட்டிய நிலையில் −85-க்கு மேல் நின்றால் ஆண்டெனா வேலை முடிந்தது. கட்டிலில் படுத்த நிலை மட்டும் −95-க்குப் போனால் ஆண்டெனாவை மாற்றாதீர்கள். பெட்டியைக் கட்டிலின் மறுபக்கச் சுவருக்கு மாற்றி மாட்டுங்கள்.